முப்பத்தைந்து வாட்

பாகாவ் பழைய கடைவரிசையில்
ஆ ஃபூக் கடைக்கு இது நான்காவது நடை.
வங்கி ஏலத்தில் எடுத்த சர்வர் ஒன்று
நானூறு வெள்ளிக்கு, எடுத்துக்கொள் என்கிறான்.
போட்டுக் காட்டினான்.
ஆறு விசிறிகளும் ஒன்றாய் எழுந்து
எங்கள் பேச்சை விழுங்கிவிட்டன.
நூற்று நாற்பது வாட்,
சும்மா நிற்கும்போதே.

கலைமதி செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட்,
பகலில் தூங்குகிறவள்.
சும்மா நிற்க மாதம் நூறு யூனிட்;
மின்சார ரசீதைப் பிரிப்பதும் அவள்தான்.

பக்கத்தில் ஓர் அலுவலகக் கணினி.
மூடியில் ஏதோ காப்புறுதிக் கம்பெனியின் ஸ்டிக்கர், பாதி கிழிந்தது.
முப்பத்தைந்து வாட்.
வட்டு வைக்க இரண்டே இடம்.

என்னிடம் இருப்பது
பதினேழு வருடக் கல்யாணங்கள்.
காதுகுத்து, சடங்கு, மூன்று தோட்டத்துத் தீமிதி,
டேப்பிலிருந்து இறக்கியவை, கார்டிலிருந்து கொட்டியவை,
எல்லாம் சேர்த்துப் பதினொரு டெராபைட்.
இதில் பல ஜோடிகள் இன்று
ஒருவரையொருவர் வாட்ஸ்அப்பில் பிளாக் செய்திருக்கும்.
அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.
கோப்புக்கு மனத்தாங்கல் கிடையாது.

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வட்டுகளை எடுத்தான் ஆ ஃபூக்.
ஒன்று போதும் என்றேன்.
ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்தவை
ஒரே வாரத்தில் போகும்.
மற்றதைச் சிரம்பானில் வாங்கிக்கொள்கிறேன்.
என்னை நம்பவில்லையா என்று முறைத்தான்.
உன்னை நம்புகிறேன், அந்தப் பெட்டியைத்தான் நம்பவில்லை.
சிரித்தான்.
விலையில் பத்து வெள்ளிகூடக் குறைக்கவில்லை.

வெளியே மூன்று மணி மழை
பிடித்துக்கொண்டது.
போன ஏப்ரலில் இடி
டெலிபோன் கம்பி வழியாக உள்ளே வந்து
மோடத்தைக் கருக்கி
மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது.
வட்டுகள் தப்பின. அதில் ஒன்று இப்போது
பல்லி மாதிரி டிக் டிக் என்கிறது.
ஆகவே யூபிஎஸ். அது கணினியைவிட விலை.
சூடு தேடி எறும்பும் வரும்,
சோற்று அலமாரிக்கு வைப்பதுபோல
நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வை என்கிறாள் கலைமதி.
மின்சாரத்துக்கு அடியில் தண்ணீரா?
அப்படியென்றால் உன் பாடு என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

கண்ணாடி முறை என்று ஒன்று உண்டு.
ஒரு வட்டில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்.
ஒன்று செத்தால் மற்றது நிற்கும்.
சரி.
ஒன்றில் அழித்தால்?

இரண்டு வருடத்துக்கு முன்
கோர்ட் காகிதத்தோடு வந்து நின்றாள் ஹேமலோஷினி.
என் கல்யாணத்தை அழிச்சிடுங்க அண்ணே,
என் கண்ணு முன்னாலயே.
அழித்தேன்.
கண்ணாடி விசுவாசமாக
மற்றதிலும் அழித்தது.
நாற்பது வெள்ளி நீட்டினாள், வாங்கவில்லை.

இந்தத் தை மாதம் போன் செய்தாள்.
அப்பா போய்விட்டாராம், டிராக்டர் அங்கமுத்து.
பந்தியில ரசவாளியைத் தூக்கிட்டு
ஓடினாரே, அது மட்டும்.
என்னை வெட்டிடுங்க, அந்த ஆளையும் வெட்டிடுங்க.
ரசவாளி போதும்.

இல்லை என்று சொல்ல
எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று
கலைமதியைக் கேளுங்கள்.

ஆகவே மூன்றாவது வட்டு.
மெதுவானது, மலிவானது,
மாதம் ஒருமுறை செருகி, பிடுங்கி,
கோலப்பிலாவில் கொழுந்தியாள் பீரோவில்
புடவைகளுக்கு அடியில்.
இடி எட்டாது.
என் விரலும் சட்டென்று எட்டாது.

இனி ஒருத்தி வந்து அழியுங்கள் என்றால்
இரண்டிலும் அழிப்பேன்.
மூன்றாவதைப் பற்றி அவளிடம்
சொல்வேனா மாட்டேனா,
அதைத்தான் நான்கு நடையாகியும்
முடிவு செய்ய முடியவில்லை.

தீகா? என்று மூன்று விரலைக் காட்டுகிறான் ஆ ஃபூக்.
பெட்டிக்குள் இரண்டுக்குத்தானே இடம்.

தெரியும் என்கிறேன்.
பில் போடு, மழை விடட்டும்.